இரண்டு தென்னை, 41 மீட்டர் கம்பி

ராசிபுரத்துக்கும் வாழப்பாடிக்கும் நடுவே போதமலை நிற்கிறது. வரைபடத்தில் நேர்கோடு போட்டுப் பார்த்தால் இடைவெளி முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ராசிபுரத்தில் இருக்கும் ஒரு ஹாம் (அமெச்சூர் வானொலி ஆர்வலர்), கையடக்க விஎச்எஃப் கருவியை எடுத்து வாழப்பாடியைக் கூப்பிட்டால் பதில் வராது. நேர்ப்பார்வையில் போகிற அலை அது. மலையில் முட்டியதும் அதன் பயணம் முடிந்துவிடும். அதே இருவரும் ஆளுக்கொரு தோட்டத்தில், இரண்டு தென்னைகளுக்கு நடுவே பத்து மீட்டர் உயரத்தில் கம்பி கட்டி, பகல் பதினொரு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் பேசினால் குரல் தெளிவாக வந்து சேரும். இந்த அலை மலையைத் துளைப்பதும் இல்லை, சுற்றிக்கொண்டு வருவதும் இல்லை. நேராக மேலே போய், சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருசேர இறங்குகிறது.

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு இன்று தேவைப்படுவது இப்படிப்பட்ட கம்பிகள்தாம். தாலுகாவுக்கு இரண்டு இருந்தால்கூடப் போதும். கோபுரம் வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வரும் சுழலும் ஆன்டெனாவும் வேண்டாம். உரிமம் பெற்ற ஒரு ஆள், ஒரு கருவி, ஒரு பேட்டரி, சரியான இடத்தில் ஊட்டப்பட்ட ஒரு கம்பி. இவ்வளவுதான் கேட்பது. அது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதுதான் வருத்தம்.

சமவெளி என்று சொன்னாலும் இந்த நிலம் மலைகளால் அறுபட்டது. வடக்கே சேர்வராயன், கிழக்கே கல்வராயன், தெற்கே கொல்லிமலை, நடுவில் போதமலையும் ஜருகுமலையும். போதமலைக் கிராமங்களுக்குச் சாலை இல்லாத காரணத்தால் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அதிகாரிகள் மலை ஏறிய படங்கள் பத்திரிகைகளில் வந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றில் மண் சரிந்தால் மேலே இருப்பவர்கள் மேலேயே. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்குள் வந்து கொட்டியபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. காவிரிக் கரைக்கு வேறு கதை. மேட்டூர் நிரம்பி உபரி நீர் லட்சக் கணக்கான கன அடியில் திறக்கப்படும் ஆண்டுகளில் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. மக்களைப் பள்ளிகளுக்கும் மண்டபங்களுக்கும் மாற்றுகிறார்கள். இதெல்லாம் எப்போதோ ஒரு முறை நடப்பதில்லை.

இப்படிப்பட்ட நாளில் முதலில் போவது மின்சாரம். அதன் பின்னால் செல்போன் கோபுரத்தின் பேட்டரி. டீசல் கொண்டுபோகச் சாலை இல்லையென்றால் கோபுரம் வெறும் இரும்பு.

இதற்கு முன்னுதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு அந்தமான் போயிருந்தது. போர்ட் பிளேரிலிருந்து வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக் குறியில் உலகத்து ஹாம்களோடு பேசுவது அவர்கள் நோக்கம். பொழுதுபோக்குப் பயணம்தான். 26-ம் தேதி காலை நிலம் ஆடியது, கடல் ஏறியது, தொலைபேசிகள் ஓய்ந்தன. விளையாட்டுக்கென்று கட்டிய அந்த நிலையமே தீவுகளுக்கும் இந்திய நிலப்பகுதிக்கும் இடையே செய்தி சுமக்கும் நிலையமாயிற்று. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியும், இருக்கிறார் என்ற பதிலும் அதன் வழியே போய் வந்தன. 1993 லாத்தூர், 1999 ஒடிசா, 2001 புஜ் என்று எந்தப் பேரிடரை எடுத்தாலும் ஹாம்களின் பங்கு பதிவாகியிருக்கிறது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோது கல்பற்றா ஆட்சியர் அலுவலகத்திலேயே ஹாம்கள் நிலையம் அமைத்தார்கள்.

அந்தமான் அனுபவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குழு பேரிடர் நடந்த பிறகு வந்து இறங்கவில்லை. ஆன்டெனா ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. அதனால்தான் உதவ முடிந்தது. வெள்ளம் வந்த பிறகு தென்னை ஏற ஆள் தேடினால் கிடைக்காது.

இந்தியாவில் ஹாம் வானொலிக்கு வயது நூறு தாண்டிவிட்டது. கொல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்து 1921-ல் தொடங்கினார். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-ல் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை உருவாக்கினார். தமிழ்நாட்டின் வானொலி ஒலிபரப்பே ஆர்வலர்கள் கூடி ஆரம்பித்த அந்தக் கிளப்பிலிருந்துதான் பிறந்தது. இத்தனை பழைய மரபு இருந்தும், சேலத்தில் வழியில் போகும் ஒருவரை நிறுத்திக் கேட்டால் ஹாம் ரேடியோ என்றால் போலீஸ் வாக்கிடாக்கியா என்று திருப்பிக் கேட்பார். பொறியியல் கல்லூரி மாணவரைக் கேட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

தெரிந்தவர்களிடம் இருக்கும் தயக்கம் இன்னொரு வகை. ஆன்டெனா என்றதும் கோபுரம் நினைவுக்கு வருகிறது. வீட்டு உரிமையாளர் மறுப்பார், பக்கத்து வீட்டுக்காரர் கதிர்வீச்சு என்பார், செலவு லட்சத்தில் போகும் என்று எண்ணிப் பலர் உரிமத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர் இருக்கிற பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிட்டு, ஆன்டெனாவுக்குக் கிடைத்ததைக் கட்டுகிறார்கள். இரண்டுமே தவறு. நூறு வாட் கருவியின் திறமை அது எந்தக் கம்பியில் போய்ச் சேர்கிறது என்பதில் இருக்கிறது. கருவியை அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம். கம்பி முதலில் வேண்டும்.

எந்தக் கம்பி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஹாம்களின் பாலபாடம் டைபோல்: அரை அலைநீளம் உள்ள கம்பியை நடுவில் வெட்டி, அங்கே கோஆக்ஸ் கேபிளை இணைப்பது. 40 மீட்டர் அலைவரிசைக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஏறக்குறைய 20 மீட்டர் கம்பி, 80 மீட்டருக்கு (3.5 மெகாஹெர்ட்ஸ்) ஏறக்குறைய 40 மீட்டர் கம்பி. எளிமையானது, நம்பகமானது. ஒரே குறை, ஒரு டைபோல் தன் அலைவரிசையை விட்டு எளிதில் நகராது.

பேரிடர் நேரத்தில் இந்தக் குறை பெரிதாகிறது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இந்தப் பகுதிக்கு மேலே பகலில் அயனி மண்டலம் அடர்த்தியாக இருக்கும். அதனால் 7 மெகாஹெர்ட்ஸ் அலையை நேராக மேலே விட்டாலும் திரும்பி வருகிறது. ஓசூரிலிருந்து திண்டுக்கல் வரை இடைவெளி இல்லாமல் பேசலாம். பொழுது சாய்ந்து இரவு ஏற ஏற அடர்த்தி குறைகிறது. விடியலுக்கு முன் 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே துளைத்துக்கொண்டு போய்விடும். தூரத்து நாடுகள் கேட்கும், பக்கத்து மாவட்டம் கேட்காது. அப்போது கைகொடுப்பது 3.5 மெகாஹெர்ட்ஸ். அதையே நண்பகலில் பயன்படுத்தினால் கீழடுக்கு அயனி மண்டலம் விழுங்கிவிடும். ஆக, 24 மணி நேரமும் ஆட்சியர் அலுவலகத்தோடு தொடர்பில் இருக்க வேண்டிய நிலையத்துக்குப் பகலில் 40, இரவில் 80, டெல்லிக்கோ கொல்கத்தாவுக்கோ பேச 20 (14 மெகாஹெர்ட்ஸ்) என்று மூன்று அலைவரிசையாவது வேண்டும். கொட்டும் மழையில், நள்ளிரவில், மரத்தில் ஏறி ஆன்டெனா மாற்ற முடியாது.

நடுவில் ஊட்டிய 80 மீட்டர் டைபோல் ஏன் 40-ல் வேலை செய்யாது? இரு முனையிலும் கட்டிய கயிற்றை அதிரவிட்டுப் பார்த்தால் பிடிபடும். மெதுவாக அதிரும்போது நடுப்பகுதிதான் அதிகம் ஆடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் கயிறு இரண்டு வயிறாகப் பிரிந்து, நடுப்புள்ளி அசையாமல் நிற்கும். கம்பியில் ஓடும் மின்னோட்டமும் அப்படியே. 3.5 மெகாஹெர்ட்ஸில் நடுவில் மின்னோட்டம் உச்சம். 7-ல் அதே இடத்தில் மின்னோட்டம் கிட்டத்தட்ட இல்லை. ஆயிரக்கணக்கான ஓம் மின்தடை காட்டும் அந்தப் புள்ளியில் 50 ஓம் கேபிளைக் கட்டினால் சக்தி உள்ளே இறங்காது. 14-லும் 28-லும் இதே நிலைதான்.

இப்போது கேபிளை நடுவிலிருந்து நகர்த்தி, ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வைத்தால் என்ன ஆகும்? 3.5-ல் அந்த இடத்தில் மின்னோட்டம் உச்சத்தில் 87 விழுக்காடு. 7-லும் 87. 14-லும் அதே 87, 28-லும் அதே. நான்கு அலைவரிசையிலும் அந்தப் புள்ளி ஏறக்குறைய ஒரே மின்தடையைக் காட்டுகிறது. தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்து 200 முதல் 300 ஓம் வரை இருக்கும். நடுவே நான்குக்கு ஒன்று அல்லது ஆறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் பாலன் என்ற மின்தடை மாற்றியை வைத்தால் அது 50 ஓம் அருகே வந்துவிடும். ஒரே கம்பி, ஒரே கேபிள், நான்கு அலைவரிசை. கணக்கில் இவ்வளவு அழகாக விழும் விஷயங்கள் ஆன்டெனா உலகில் அதிகம் இல்லை.

இந்தக் கணக்கு புதிதும் இல்லை. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் எவரிட்டும் அவர் மாணவர்களும் ஒற்றைக் கம்பியால் ஊட்டும் முறையை 1920களின் கடைசியில் ஆராய்ந்தார்கள். லோரன் விண்டம் என்ற ஹாம் 1929 செப்டம்பரில் கியூஎஸ்டி பத்திரிகையில் அதை எல்லோருக்கும் புரியும்படி எழுதினார். அவர் எழுதியது கோஆக்ஸ் இல்லாத காலத்து ஆன்டெனா. ஆனாலும் ஓரம் தள்ளி ஊட்டும் எல்லாக் கம்பிக்கும் 'விண்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1970களில் ஜெர்மனியின் ஃபிரிட்ஸல் நிறுவனம் பாலனும் கோஆக்ஸும் சேர்த்து 'எஃப்டி4' என்று விற்ற வடிவம்தான் இன்று உலகம் முழுக்க ஹாம்கள் 'ஓ.சி.எஃப்.' (ஆஃப் சென்டர் ஃபெட்) என்று சொல்வது. அதன் மொத்த நீளம் 41 மீட்டர் சொச்சம். ஒரு கை 13.7 மீட்டர் அளவில், மறு கை அதைப்போல் இரு மடங்கு.

சேலம், நாமக்கல் தோட்டங்களுக்கு இது பொருந்திவரும் விதம் வியக்க வைக்கிறது. இங்கே வீடு தோட்டத்தின் நட்டநடுவில் இருப்பது குறைவு. வண்டிப்பாதையை ஒட்டி ஓர் ஓரத்தில் இருக்கும். வரப்போரம் தென்னை வரிசையாக நிற்கும். நடுவில் ஊட்டும் 40 மீட்டர் கம்பிக்குக் கேபிளை வயலின் மத்திவரை இழுத்துப் போக வேண்டும்; உழவு வந்தால் தொல்லை. மூன்றில் ஒரு பங்கில் ஊட்டினால் கேபிள் வீட்டுப் பக்கமே இறங்குகிறது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் உயரத்துக்கு இரும்பு வாங்க வேண்டாம். பட்டணத்து அடுக்ககத்தில் வாழும் ஹாம் ஏங்கும் இடமும் உயரமும் இங்கே விவசாயியின் வரப்பில் சும்மா நிற்கின்றன.

கட்டுவதில் சில நுணுக்கங்கள் உண்டு. தென்னை காற்றில் ஆடும். இரு முனையையும் இறுக்கிக் கட்டினால் ஆடிக் காற்றுக்கே கம்பி அறுந்துவிடும். ஒரு முனையில் கப்பி மாட்டி, நைலான் கயிற்றை அதன் வழியே இறக்கி, நுனியில் இரண்டு செங்கல்லைத் தொங்கவிட வேண்டும். மரம் ஆடும்போது செங்கல் ஏறி இறங்கும், கம்பி தளராது, அறாது. கம்பியின் முனை மரத்தைத் தொடக் கூடாது. இரண்டு மூன்று மீட்டர் கயிறு இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் முனையில்தான் மின்னழுத்தம் உச்சம். இன்சுலேட்டருக்குத் துளை போட்ட பிவிசி பைப் துண்டு போதும். கம்பிக்கு வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் நன்றாகவே உழைக்கும். மேலுறையை உரிக்கத் தேவையில்லை, நீளத்தை மட்டும் சற்றே குறைத்துக்கொள்ள வேண்டும். பாலனை மழை புகாத பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில் வைத்து, கேபிள் நுழையும் வாய் கீழே பார்க்கும்படி தொங்கவிடுவது வழக்கம்.

பலர் சறுக்கும் இடம் கேபிள். கம்பியின் இரு கைகளும் சமமில்லாததால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. மிச்சம் கோஆக்ஸின் வெளிப்பின்னலில் ஏறி வீட்டுக்குள் வரும். மைக்கைத் தொட்டால் சுரீரென்று கடிப்பது, கணினி நின்றுபோவது, டிவியில் கோடு விழுவது எல்லாம் அதனால்தான். அதைவிட மோசம், அதே வழியாக வீட்டு எல்இடி விளக்குகளின் இரைச்சல் வெளியேறிப் பெறும் குரலை மூழ்கடிப்பது. பாலனை மட்டும் நம்பாமல், அதற்குக் கீழே ஃபெரைட் வளையத்தில் கேபிளைப் பத்துச் சுற்று சுற்றி ஒரு சோக் வைத்தாக வேண்டும். ஓ.சி.எஃப். ஆன்டெனாவைப் பழிப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு சோக்கை வைக்காதவர்கள். பாலனுக்கும் சோக்குக்கும் செலவிடும் பணத்தில் கஞ்சத்தனம் கூடாது.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு என்ற அதே புள்ளி 21 மெகாஹெர்ட்ஸில் அசையாப் புள்ளியாகிவிடுகிறது. அதனால் 15 மீட்டர் அலைவரிசை இதில் எடுபடாது. 10 மெகாஹெர்ட்ஸிலும் அதே சிக்கல். மேல் அலைவரிசைகளில் இது ஒரு திசையில் ஓங்கியும் இன்னொரு திசையில் மங்கியும் கேட்கும். ஒரே அலைவரிசையில் போட்டிக்கு நிற்பவர் தனி டைபோல் கட்டுவதே சரி. ஏணிபோன்ற இரட்டைக் கம்பியால் நடுவில் ஊட்டி, டியூனர் வைத்து எல்லா அலைவரிசையும் பேசும் பழைய முறையும் சிறந்ததுதான். ஆனால் அந்த இரட்டைக் கம்பியைச் சுவருக்கும் கம்பி வேலிக்கும் தள்ளிக் கொண்டுவர வேண்டும், டியூனரைத் திருகத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பேரிடர் நிலையத்தில் முதல் நாள் இருப்பவர் மறுநாள் இருப்பார் என்று சொல்ல முடியாது. அலைவரிசையைத் திருப்பினால் பேசலாம் என்ற எளிமையே அங்கே முக்கியம். அந்தக் கணக்கில் ஓ.சி.எஃப். முந்துகிறது.

பாதுகாப்பில் சலுகையே கிடையாது. மின்வாரியக் கம்பிக்கு மேலாகவோ கீழாகவோ ஆன்டெனா கடக்கக் கூடாது. அறுந்து விழுந்தாலும் எட்டாத தூரத்தில்தான் கட்ட வேண்டும். தோட்டங்களுக்குள் 11 கேவி கம்பிகள் குறுக்கே போகும் ஊர்கள் இவை. சித்திரை, வைகாசி இடிமழையில் கேபிளைக் கருவியிலிருந்து கழற்றி வெளியே, தரைக்கம்பியோடு சேர்த்து வைப்பது பழக்கமாக வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற ஊர்களில் விசைத்தறிக் கூடங்களின் மோட்டார்களும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் எழுப்பும் இரைச்சலுக்கு ஒரே மருந்து தூரம்: கம்பியைத் தறிக் கூடத்தைவிட்டு எவ்வளவு தள்ளிக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு நல்லது.

மின்சாரத்துக்கு நாமக்கல்காரர்கள் கவலைப்படவே வேண்டாம். நூறு வாட் ஹாம் கருவி 13.8 வோல்ட்டில் ஓடும். பேசும்போது இருபது ஆம்பியர், கேட்கும்போது ஒரு ஆம்பியர் அளவு இழுக்கும். லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். அதில் ஒன்றை இறக்கினால் போதும், நிலையம் ஒரு நாள் தாராளமாக ஓடும். லாரி இல்லாத தெரு நாமக்கல்லில் எங்கே இருக்கிறது?

செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறது, காவல்துறையின் வயர்லெஸ் இருக்கிறது, இனி இந்தப் பழைய வித்தை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் செயற்கைக்கோள் தொலைபேசி இந்தியாவில் அனுமதி இல்லாமல் யாரும் வைத்துக்கொள்ள முடியாத கருவி. ஒரு மாவட்டத்தில் அது இருக்கும் கைகள் மிகச் சில. காவல்துறை வயர்லெஸ் காவல்துறையின் வேலைக்கு. முகாமில் இருப்பவரின் மருந்துப் பட்டியல், மலைமேல் மாட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கை, எந்தப் பாலம் தாங்குகிறது என்ற தகவல் இவற்றைச் சுமக்கக் கூடுதலாக ஒரு வழி இருப்பது நல்லது. அந்த வழிக்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது. இயற்கைச் சீற்றக் காலத்தில் மாவட்ட ஆட்சியர் போன்ற அதிகாரிகளின் செய்திகளை ஹாம் நிலையங்கள் கடத்தலாம் என்று 1978-ம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளே சொல்கின்றன. ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் ஹாம்களின் பெயரும் அழைப்புக் குறியும் இருக்க வேண்டியது அதனால்தான்.

தடை எங்கே என்று பார்த்தால் பெரும்பகுதி உரிமத்தில் இருக்கிறது. 12 வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் யாரும் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு வானொலிக் கோட்பாடும் விதிமுறைகளும் மட்டுமே பாடம். ஜெனரல் கிரேடுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். பிளஸ் டூ இயற்பியல் படித்த பிள்ளைக்கு இது கடினமே இல்லை. கடினம் பயணத்தில் இருக்கிறது. சங்ககிரியிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் தேர்வுக்காகச் சென்னை போய்வர வேண்டுமென்றால் பெண் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் யோசிக்கிறார்கள், தறி ஓட்டும் குடும்பம் இரண்டு நாள் கூலியை யோசிக்கிறது. எழுதித் தேறிய பிறகும் உரிமம் கைக்கு வர மாதங்கள் ஓடுவது ஹாம்களின் நெடுநாள் மனக்குறை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நினைத்தால் ஆண்டுக்கு ஒரு முறை சேலத்தில் தேர்வு நடத்த முடியும். கேட்கும் குரல் இங்கிருந்து போக வேண்டும்.

கல்லூரிகள் செய்யக்கூடியது இன்னும் அதிகம். இந்த இரண்டு மாவட்டங்களில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமே இல்லை. கருப்பூரில் 1966 முதல் இருக்கும் அரசுப் பொறியியல் கல்லூரியின் வளாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 41 மீட்டர் கம்பி கட்ட அங்கே இடத்துக்குக் குறைவில்லை. மின்னணுவியல் மாணவர்கள் மின்காந்த அலைக் கோட்பாட்டை ஒரு பருவம் முழுக்கக் கரும்பலகையில் படிக்கிறார்கள். ஸ்மித் வரைபடத்தைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஆன்டெனாவை அளக்கும், கைக்கு அடக்கமான நானோ விஎன்ஏ கருவியைக் கேபிளின் நுனியில் செருகி, தாங்களே கட்டிய கம்பி 3.6-லும் 7.1-லும் 14.2-லும் எப்படிப் பள்ளம் காட்டுகிறது என்று ஒரு பிற்பகல் பார்த்தால் அந்தப் பருவத்துப் பாடம் முழுவதும் நிலைத்துவிடும். 21-ல் பள்ளம் இல்லாததைக் கண்டு ஏன் என்று கேட்கும் மாணவருக்கு அதற்கு மேல் ஆசிரியர் சொல்லித்தர வேண்டியதும் அதிகம் இருக்காது.

பள்ளிகளையும் விட்டுவிடக் கூடாது. விண்வெளி ஆர்வத்தை அரசுப் பள்ளி மாணவிகள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். நாடெங்கும் 75 பள்ளிகளின் மாணவிகள் பங்கேற்று உருவான ஆசாதிசாட் செயற்கைக்கோளில் ஹாம் அலைவரிசைக் கருவி இருந்தது. அதற்கு முன்பே 2005 மே 5-ல் இஸ்ரோ ஹாம்களுக்கென்றே ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளை ஏவியது. இரண்டாண்டுக்கு என்று திட்டமிட்டது 2014 வரை உழைத்தது. நாட்டின் விண்வெளி நிறுவனம் மதிக்கும் துறை இது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மூன்றாவது வார இறுதியில் உலகச் சாரணர்கள் வானொலி வழியே சந்திக்கும் ஜோட்டா நிகழ்ச்சி நடக்கிறது. நாமக்கல்லின் பெரிய உறைவிடப் பள்ளிகளில் சாரணர் படை இருக்கிறது, மைதானம் இருக்கிறது, மாணவர்கள் வளாகத்திலேயே தங்குகிறார்கள். உரிமம் பெற்ற ஒரு ஹாமை அழைத்து அந்த இரண்டு நாள் நிலையம் நடத்தினால், அதில் நாலு பிள்ளைகளாவது தேர்வு எழுதப் புறப்படுவார்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் சேலம், நாமக்கல் ஆட்சியர்கள் தங்கள் மாவட்டத்தில் உரிமம் பெற்ற ஹாம்களை ஒரு முறை அழைத்துப் பேச வேண்டும். கொல்லிமலை செம்மேட்டிலும் ஏற்காட்டிலும் குமாரபாளையத்திலும் ஊருக்கொரு அரசுக் கட்டடத்தில் கம்பி கட்ட அனுமதி தர வேண்டும். மழைக்கு முன் ஒரு நாள், பகலில் 40-லும் இரவில் 80-லும், அந்த இடங்களிலிருந்து ஆட்சியர் அலுவலகத்துக்குச் செய்தி போகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். உரிமம் இருந்தும் ஆன்டெனா இல்லாமல் இருக்கும் ஹாம்கள், இந்த வாரமே தோட்டத்தில் 41 மீட்டர் இடைவெளிக்கு மேல் நிற்கும் இரண்டு மரங்களைப் பார்த்து வைக்கட்டும்.